பெட்டியின் முதுகைப் பாருங்கள்
வானொலியையும் ஒலிபெருக்கியையும் மின்சாரத்தில் இணைக்குமுன் அறிய வேண்டியவை

இருந்த இடத்தை விட்டு எழும்பி வர நேர்ந்த குடும்பம் ஒன்று எவற்றைக் கையோடு கொண்டு வருகிறது? பிள்ளைகளை முதலில். பின்பு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மண்வெட்டி, ஒரு மூட்டைத் துணி. அதற்கும் பிறகு இடமிருந்தால் பல வீடுகளில் வானொலிப் பெட்டி. ஹாலிஎலப் பகுதியில் தற்காலிகக் கொட்டில்களிலும் புதிய குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்களிடம் போகும்போது இதை நாம் அடிக்கடி காண்கிறோம். சிலரிடம் அம்மா சவூதியில் இரண்டு வருடம் வேலை செய்து கொண்டு வந்த டூ-இன்-வன். சிலரிடம் கொழும்பில் வாங்கிய ஜப்பான் பழைய செட். சில சங்கங்களிடம் வெளிநாட்டில் இருந்து நன்கொடையாக வந்த ஒலிபெருக்கி.

இவை பொழுதுபோக்குச் சாமான்கள் மட்டும்தானா? அப்படி நாம் எண்ணவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அங்கிருந்து அகற்றப்படவில்லை. எச்சரிக்கை உரிய காதுகளுக்கு உரிய வேளையில் எட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஊவா மக்களாகிய எமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கையை எட்டச் செய்யும் கருவிகள்தான் வானொலியும் ஒலிபெருக்கியும். அவற்றை ஒரு நொடியில் எரித்துவிடும் ஒரு சிறு தவறைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறோம்.

எமக்கு நேர்ந்தது

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் எமது தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தன. மழை எவ்வளவு பெய்தால் எழும்ப வேண்டும், எந்தப் பாதையால் போக வேண்டும் என்பதை விளக்க மாலையில் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்திருந்தோம். வெளிநாட்டில் இருந்து உடுப்புப் பெட்டிகளோடு வந்த நல்லதொரு ஒலிபெருக்கி எம்மிடம் இருந்தது. அதன் வயரில் நம் நாட்டுச் சதுரக்கால் பிளக் பூட்டியிருந்தது. ஆகவே இது இங்கே பாவிப்பதற்கு ஏற்றதுதான் என்று நம்பி, செருகிச் சுவிச்சைப் போட்டோம்.

உள்ளே ஓர் உறுமல் கேட்டது. அடுத்து எரிந்த வார்னிஷ் மணம், பின் புகை. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வெளியே ஓடினார். பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்புறத்தில் ஒரு சிறு வட்டம் கண்ணில் பட்டது. அதன் அம்புக்குறி 120 என்ற எண்ணை நோக்கி இருந்தது. பக்கத்திலேயே 240 என்ற எண்ணும் இருந்தது. அரை நிமிட வேலை, அதைச் செய்யவில்லை. பியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று பார்த்தால், யாரோ அதில் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். அன்றைய செய்தியை மழையில் நனைந்து, வரிசை வரிசையாகப் போய், வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. பிளக்கை நம்பினோம், பெட்டியின் முதுகைப் பார்க்கவில்லை.

வோல்ட் என்றால் என்ன?

மலையில் வாழும் எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே பீலி. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பீலியில் தண்ணீர் அடிக்கும். மின்சாரத்தில் அந்த உயரத்தைப் போன்றதே வோல்ட், அதாவது மின்னழுத்தம். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவைப் போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட். அது கருவி எடுக்கும் வலுவைக் காட்டும்.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் நூற்றுக்கு 6 வீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. இந்தியாவிலும் 230 வோல்ட்தான். ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட். சவூதி அரேபியாவில் நீண்ட காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் கொடுக்கப்பட்டது. அதை 230 ஆகப் படிப்படியாக மாற்றுவது என்று 2010இல் தீர்மானித்தார்கள். குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றில் எமது நாட்டைப் போன்ற உயர்ந்த வோல்ட்டே உண்டு. ஆகவே "வெளிநாட்டுச் சாமான்" என்று சொன்னால் போதாது. எந்த நாட்டுச் சாமான் என்று கேட்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? 1882இல் நியூயோர்க்கில் எடிசன் மின்சாரம் வழங்கத் தொடங்கியபோது, அவருடைய விளக்குகளுக்கு ஏற்ற 110 வோல்ட் அளவிலேயே கொடுத்தார். பின்னர் ஜெர்மனியின் பேர்லின் நகரில் அதை 220 ஆக உயர்த்தினார்கள். வோல்ட்டை இரட்டித்தால் அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும், மெல்லிய செப்புக் கம்பியே போதும், செலவு மிச்சம். ஐரோப்பா அந்த வழியில் போயிற்று. பிரித்தானியர் ஆட்சியில் இருந்த நாமும் அவர்களுடைய முறையைப் பெற்றோம். அமெரிக்கா பழைய வழியிலேயே நின்றது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

வானொலியின் உள் உறுப்புகள் 230 வோல்ட்டில் வேலை செய்பவை அல்ல. 6, 9, 12 என்று சிறிய வோல்ட்டே அவற்றுக்கு வேண்டும். பெரியதைச் சிறியதாக்கிக் கொடுப்பது டிரான்ஸ்போமர் என்னும் கனமான இரும்புத் துண்டு. அதன் மின்சாரம் நுழையும் பக்கத்தில் செப்புக் கம்பிச் சுற்றுகள் உண்டு.

இரண்டு வோல்ட்டுக்கும் ஏற்ற பெட்டிகள் பலவற்றில் அந்தப் பக்கத்தில் இரண்டு தனிச் சுற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 115 வோல்ட் தாங்கும். சுவிச்சை 115 பக்கம் வைத்தால் இரண்டும் அருகருகே இணைந்து, ஒவ்வொன்றும் முழு 115 வோல்ட்டையும் பெறும். 230 பக்கம் வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 230ஐத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அப்போதும் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 115தான். மலைச்சரிவில் தண்ணீர் கொண்டு வரும்போது, குழாய் வெடிக்காமல் இருக்க இடையில் ஒரு தொட்டி கட்டி வீழ்ச்சியை இரண்டாகப் பிரிப்பதில்லையா? அதே உபாயம்தான்.

சுவிச் 115இல் இருக்க 230 வோல்ட்டைக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றும் தாங்கக்கூடியதைப் போல் இரு மடங்கைப் பெறுகிறது. இரும்பு நிறைந்துபோய், கம்பியில் கட்டுக்கடங்காத ஆம்பியர் ஓடுகிறது. சுற்று எரிகிறது. உள்ளே உள்ள கொள்ளளவிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், வெடிக்கவும் கூடும். மாறாக, 230இல் வைத்த பெட்டிக்கு 115 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் சேதமில்லை. சத்தம் குறைவாக இருக்கும், அல்லது வேலையே செய்யாது. ஆகவே சந்தேகம் வந்தால் கூடிய எண்ணில் வைப்பதே காவல்.

மாற்றும் முறை

1. பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது.

2. பெட்டியின் பின்புறத்திலோ அடியிலோ உள்ள தகட்டை வாசியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்களை வாசிக்கலாம். 100 முதல் 240 வரை என்று, இடையில் ஒரு சிறு கோடு போட்டு எழுதியிருந்தால், அந்தப் பெட்டி எதையும் தானே ஏற்றுக்கொள்ளும், மாற்ற ஒன்றுமில்லை. 110 அல்லது 120 என்றும் 220 அல்லது 240 என்றும் தனித்தனியே எழுதியிருந்தால், எங்கோ ஒரு தெரிவுச் சுவிச் இருக்கிறது, தேடுங்கள். 100, 120, 127 என்று ஒரே எண் மட்டும் இருந்தால், அதை எமது மின்சாரத்தில் நேரே இணைக்கவே கூடாது.

3. தெரிவுச் சுவிச் பல உருவங்களில் வரும். டூ-இன்-வன் பெட்டிகளில் அது அடியில் அல்லது பெட்டரி வைக்கும் குழிக்குள் ஒளிந்திருக்கும். சிலவற்றில் நாணயத்தாலோ ஸ்குரூ டிரைவராலோ திருப்பும் வட்டம். அம்புக்குறி காட்டும் எண்ணே வைத்திருக்கும் வோல்ட். சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளும் சறுக்குச் சுவிச். வெளியே தெரியும் எண்ணே கணக்கு. சில ஒலிபெருக்கிகளில் பியூஸ் கூட்டையே வெளியே இழுத்து, மறுபக்கம் திருப்பிச் செருக வேண்டும். சிவப்பு நிறச் சறுக்குச் சுவிச்சில் 115, 230 என்று இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. அப்படிப்பட்ட கருவியில் தவறு செய்தால் புகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே வெடிக்கும்.

4. 220, 240 என இரண்டு நிலைகளும் இருந்தால் 240இல் வையுங்கள். சத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. டிரான்ஸ்போமர் சூடாகாமல் நீண்ட நாள் உழைக்கும். வட்டம் அல்லது சறுக்கு இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்காமல் முழுதாக உரிய இடத்தில் விழுந்ததா என்று பாருங்கள்.

5. சுவிச் தெரியவில்லை என்பதற்காகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். சில பெட்டிகளில் உள்ளேயே கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டியிருக்கும். அது ரேடியோ பாஸின் வேலை. பிளக்கைக் கழற்றிய பின்னும் கெப்பாசிட்டர்களில் அதிர்ச்சி தரும் மின்சாரம் தங்கியிருக்கலாம். வால்வு வைத்த மிகப் பழைய வானொலிகள் சிலவற்றில் டிரான்ஸ்போமரே கிடையாது. அவற்றின் உள் உலோகச் சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் நிற்கும்.

6. பழைய பெட்டியை முதன்முறை இயக்கிப் பார்க்கப் பாஸிடம் ஒரு வழி உண்டு. இழை வைத்த பழைய குமிழ் விளக்கு ஒன்றைப் பெட்டியோடு தொடராக இணைப்பார். விளக்கு ஒரு கணம் எரிந்து மங்கினால் பெரும்பாலும் பெட்டி நலம். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே கோளாறு. பெட்டி எரியாமல் விளக்கு காத்துக்கொள்ளும். எல்.ஈ.டி. விளக்கு இதற்கு உதவாது. இப்படிப் பரீட்சித்துத் தரும்படி அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பியூஸ், பிளக், வயர்

வோல்ட்டை மாற்றினால் பியூஸையும் பார்க்க வேண்டும். 120 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுக்கும் பெட்டி 230இல் ஏறக்குறைய அரை ஆம்பியரே எடுக்கும். பழைய பியூஸை அப்படியே விட்டால், கோளாறு ஏற்படும்போது அது தாமதித்தே உருகும். எந்த வோல்ட்டுக்கு எந்தப் பியூஸ் என்று பெரும்பாலும் பெட்டியின் பின்னாலேயே எழுதியிருக்கும். சிகரெட் ஈயத்தாள், செப்புக் கம்பி, ஆணி ஆகியவை பியூஸ் அல்ல. அவை வீட்டுக்கு வைக்கும் நெருப்பு. சதுரக்கால் பிளக்கின் உள்ளேயும் ஒரு பியூஸ் உண்டு. வானொலியின் மெல்லிய வயருக்கு 3 ஆம்பியர் போதும். 13 ஆம்பியர் பியூஸ் அந்த வயரைக் காக்காது.

வெளிநாட்டுப் பெட்டியின் தட்டைக்கால் பிளக்கை நெம்பிச் செருகுவதும், வெறும் கம்பியை நெருப்புக் குச்சியால் இறுக்குவதும் கொட்டில்களில் நாம் அடிக்கடி காணும் காட்சிகள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பிளக் மாற்றும்போது நிறங்களில் ஏமாறவும் வேண்டாம். எமது பழைய வயர்களில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியவற்றில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அமெரிக்க வீட்டு வயரிங்கிலோ கறுப்புதான் உயிர்க்கம்பி, வெள்ளை நியூட்ரல். எங்களுக்குப் பாதுகாப்பான நிறம் அவர்களுக்கு ஆபத்தான நிறம்.

தெரிவுச் சுவிச் இல்லாத பெட்டி

100 அல்லது 120 மட்டும் எழுதிய பெட்டிக்கு 230ஐக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். பெட்டியின் வாட் அளவைப் பார்த்து அதைவிட ஒன்றரை மடங்கு வலுவுள்ளதை வாங்குங்கள். 60 வாட் என்றால் 100 அளவுள்ளது. ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட் தருவதையே கேளுங்கள். பிரயாணிகளுக்கென விற்கும், கையில் எடுத்தால் கனமே இல்லாத சிறிய "கன்வேர்டர்" சில சூடாக்கும் கருவிகளுக்கு மாத்திரமே உரியவை, வானொலியைக் கெடுத்துவிடும். ஜப்பான் சோற்றுக் குக்கர், ஸ்திரிக்கைப் பெட்டி போன்றவற்றுக்கு மிகப் பெரிய டிரான்ஸ்போமர் தேவை. அந்தப் பணத்துக்கு இங்கேயே புதியதை வாங்கலாம்.

பழைய செட் வாங்குவோர் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஹேர்ட்ஸ். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலும் சவூதியிலும் 60. தெரிவுச் சுவிச் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. கெசட் பெட்டிக்கு இதனால் பெரும்பாலும் குறைவில்லை. ஆனால் 60 ஹேர்ட்ஸை நம்பி ஓடும் மணிக்கூட்டு வானொலி இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு 10 நிமிடம் பிந்தும். பழைய இசைத்தட்டுப் பெட்டிகள் சில மெதுவாகச் சுற்றும். இரண்டாவது எப்.எம். அலைவரிசை. இலங்கை நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை பரந்திருக்கின்றன. ஜப்பானுக்கென்று செய்த பழைய பெட்டிகள் 76 முதல் 90 வரையே பிடிக்கும். வோல்ட்டைச் சரி செய்தாலும் எமது நிலையங்களில் அதிகமானவை கேளாது. காசு கொடுக்குமுன் முள் ஓடும் எண்களைப் பாருங்கள்.

கரண்ட் குறைந்த இடங்களில்

மின்கம்பி முடியும் இடத்தில் உள்ள வீடுகளில், மாலை வேளையில் விளக்கு மங்குவதுண்டு. அப்போது வானொலிக்குச் சத்தம் போதவில்லை என்று தெரிவுச் சுவிச்சை 127க்குத் தள்ளிவிடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அந்த நேரத்துக்கு நன்றாகப் பாடும். இரவு எல்லாரும் விளக்கை அணைத்ததும் வோல்ட் மீண்டும் 230க்கு ஏறும். வீட்டார் உறங்கும் வேளையில் பெட்டி எரியும். தகரமும் பலகையுமான கொட்டிலில் இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. வோல்ட் குறைவென்றால் மின்சாரம் வழங்குவோரிடம் எழுத்தில் முறையிடுங்கள், சுவிச்சைத் தொடாதீர்கள்.

ஜெனரேட்டர் பாவிக்கும் இடங்களிலும் இதே கவனம் தேவை. சில ஜெனரேட்டர்களிலேயே 110, 220 என்ற சுவிச் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கிய பின்பே ஒலிபெருக்கியைச் செருகுங்கள். எஞ்சினை நிறுத்துமுன் அதைக் கழற்றுங்கள்.

மழை இரவில்

கடும் மழையில் முதலில் போவது கரண்ட்தான். ஆகவே சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பெட்டரியிலும் இயங்கும் வானொலி ஒன்று ஒவ்வொரு வரிசையிலும் இருக்கட்டும். 1.5 வோல்ட் பெட்டரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ட்; ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். பாவிக்காத காலத்தில் பெட்டரிகளை வெளியே எடுத்து வையுங்கள். கசிந்தால் பெட்டி கெடும். சிறிய அடப்டர்களிலும் 3, 4.5, 6, 9, 12 என்று ஒரு தெரிவுச் சுவிச் இருக்கும். அதையும் பெட்டி கேட்கும் எண்ணிலேயே வையுங்கள். நேர், மறை முனைகளும் பொருந்த வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குக் கூறும் மழை அளவுகளை இங்கே நினைவூட்டுகிறோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாயிருங்கள். 100 என்றால் ஆயத்தமாயிருங்கள். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், எழும்பிப் போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. நிலத்தில் புதிய வெடிப்பு, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், மரங்கள் சாய்தல் போன்ற அறிகுறிகளைக் கண்டால் வானொலிச் செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நன்கொடைப் பெட்டி ஒன்று வந்ததும், யாருக்கும் கொடுக்குமுன் ஒருவர் அதன் முதுகைப் பார்க்கட்டும். தெரிவுச் சுவிச் இருந்தால் 230 அல்லது 240இல் வைத்து, அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். சிறுவர்களின் விரல் அதை மாற்றாது. 230 என்ற எண்ணைப் பெயின்டால் பெரிதாக எழுதுங்கள். நேரே இணைக்கக் கூடாத பெட்டியில் சிவப்புத் துணி கட்டி, அதன் பிளக்கைக் கழற்றியே வையுங்கள். வெளிநாட்டில் உள்ள உங்கள் பிள்ளைகள் எதையாவது அனுப்ப நினைத்தால், வாங்குமுன் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று சொல்லி அனுப்புங்கள்.

எமது மண்டபத்தில் எரிந்த அந்த ஒலிபெருக்கியைப் பதுளையில் ஒரு பாஸிடம் காட்டினோம். டிரான்ஸ்போமரைத் திரும்பச் சுற்றுவதற்கு அவர் கேட்ட தொகை எம்மால் முடியாததாக இருந்தது. பெட்டி இன்னும் எம்மிடம் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளுக்கு அதைக் கொண்டு போகிறோம். வருகிற இளைஞர்களிடம் முதலில் அதன் பின்புறத்தைத் திருப்பிக் காட்டி, அம்புக்குறி எந்த எண்ணில் நிற்கிறது என்று வாசிக்கச் சொல்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியையும் இன்றே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.